தண்ணீர் இறங்குகிறதா?

"எலக்டிவ்" என்ற சொல்லை நான் முதலில் கேட்டது போனில். ஊரடங்கு தொடங்கிய வாரம் அது. நன்னிலம் பக்கம் உள்ள எங்கள் ஊரில் தெருக்கள் வெறிச்சென்று கிடந்தன. தஞ்சாவூரில் ஒரு தனியார் மருத்துவமனையிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். என் அத்தாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, எண்டோஸ்கோப்பி செய்யக் குறித்திருந்த நாளை ரத்து செய்வதாகச் சொன்னாள். ஏன் என்று கேட்டேன்.

"எலக்டிவ் கேஸ் எல்லாமே தள்ளி வச்சிருக்கோம் மேடம்."

"அப்படின்னா?"

"அவசரம் இல்லாததுன்னு அர்த்தம்."

"யாருக்கு அவசரம் இல்ல?"

நாங்களே கூப்பிடுகிறோம் என்று சொல்லி வைத்துவிட்டாள். அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை. சொல்லச் சொன்னதைச் சொன்னாள், பாவம். அதைச் சொல்லச் சொல்லி எங்கேயோ ஏசி அறையில் முடிவெடுத்தவர் யாரோ, அவர் மேல் வந்த கோபம் இன்றுவரை ஆறவில்லை. ஆற வேண்டும் என்ற ஆசையும் எனக்கு இல்லை.

அத்தா உரக்கடை வைத்திருந்தார். யூரியா, பொட்டாஷ், விதைநெல், பூச்சி மருந்து. அறுபதைத் தாண்டியும் மூட்டையைத் தாமே நகர்த்துவார். சாப்பாட்டுப் பிரியர். எங்கள் கல்யாணங்களில் சஹன் சாப்பாடு உண்டு. ஒரே பெரிய தாம்பாளத்தைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்து பிரியாணி சாப்பிடுவோம். அதில் ஒரு மரியாதை இருக்கிறது. நல்ல கறித்துண்டு தன் பக்கம் கிடந்தால் அதை எதிரே இருப்பவர் பக்கம் தள்ளிவிட வேண்டும். அந்த வருஷத் தொடக்கத்தில் உறவுக்காரக் கல்யாணம் ஒன்றில் அத்தா எல்லாத் துண்டையும் தள்ளிவிட்டிருக்கிறார். கூட உட்கார்ந்தவர்கள் வீடு வரைக்கும் வந்து அந்தப் பெருந்தன்மையைப் புகழ்ந்துவிட்டுப் போனார்கள். அவருக்குக் கறி தொண்டைக்குக் கீழே இறங்கவில்லை என்பது ஒருவருக்கும் தெரியவில்லை.

பிறகு வீட்டிலும் ஒவ்வொரு கவளத்துக்கும் ஒரு வாய் தண்ணீர் குடிக்க ஆரம்பித்தார். நெஞ்சுக்கு நடுவில் விரலை வைத்து, "இங்க நின்னு யோசிச்சுட்டுத்தான் போகுது" என்று சிரித்தார். நான்தான் வற்புறுத்தித் தஞ்சாவூருக்கு அழைத்துப் போனேன். என் கணவர் ஷார்ஜாவில் இருந்தார். வீட்டில் காரியம் பார்க்க இருந்தது நான் ஒருத்திதான். அங்கே வயிற்று நோய் மருத்துவர் ஒரு பெண். நிதானமாகக் கேட்டார், வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். உணவுக்குழாயில் ஏதோ தடை இருக்கிறது, வாய் வழியாகக் கேமராக் குழாயை விட்டுப் பார்த்துவிடலாம் என்றார். "வெறும் புண்ணா இருந்தா மாத்திரையிலேயே சரியாயிடும். வேற ஏதாவதுன்னா சீக்கிரம் தெரிஞ்சுக்கிறது நல்லது" என்றார். சீக்கிரம் என்பது அந்த மருத்துவரின் சொல். நான் சேர்த்ததில்லை.

அதற்குக் குறித்த நாளைத்தான் அவசரமில்லாதது என்று சொல்லி எடுத்துவிட்டார்கள்.

விவசாயம் நிற்கக் கூடாது என்பதால் உரக்கடைகளைத் திறக்க விட்டார்கள். வேலைக்கு ஆள் வர முடியாததால் நானும் அத்தாவுடன் கடையில் உட்கார்ந்தேன். விவசாயி ஒருவர் பயிரைத் தூரோடு பிடுங்கிக்கொண்டு வந்து காட்டுவார். அத்தா குருத்தை இழுத்துப் பார்ப்பார். கையோடு வந்துவிட்டால் உள்ளே புழு இருக்கிறது என்று அர்த்தம். இன்றைக்கே மருந்தடி என்பார். அப்படி ஒருவரை அனுப்பிவிட்டு ஒருநாள் என்னிடம் திரும்பினார். "ஒருத்தன் தூரைப் புடுங்கிட்டு வந்து காட்டுறப்ப, போய்ட்டு ரெண்டு மாசம் கழிச்சு வாய்யான்னு நான் சொன்னா என்னை என்ன பண்ணுவாங்க?"

"கடையை அடிச்சு நொறுக்குவாங்க."

"அதான் கேக்குறேன்" என்றார்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எண்டோஸ்கோப்பி அறையை ஏன் மூடினார்கள் என்பது எனக்குப் புரியாமல் இல்லை. தொண்டைக்குள் குழாய் போகும்போது நோயாளி இருமுவார், குமட்டுவார். எல்லாம் எதிரே நிற்பவர் முகத்தில்தான் தெறிக்கும். முகக்கவசத்துக்கே தட்டுப்பாடாக இருந்த நாட்கள். செவிலியர்கள் வீட்டுக்குப் போகப் பயந்து மருத்துவமனையிலேயே படுத்துக் கிடந்தார்கள். அந்தப் பயத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அறையைப் பூட்டினவர்கள் அதன் வாசலில் காத்திருந்தவர்களை ஒரு தரம் பிரித்துப் பார்த்திருக்கலாம் அல்லவா? ஏப்பம் வருகிறது என்று வந்தவரும், வருஷாந்திரப் பரிசோதனைக்கு வந்தவரும், சோறு தொண்டையில் நிற்கிறது என்று வந்தவரும் ஒரே மூட்டையில் போய்ச் சேர்ந்தார்கள். ரகம் பார்க்காமல் நெல்லைக் கொட்டினால் கடையில் அத்தா கூட வைவார்.

இதற்கு நடுவே மதுக்கடைகளைத் திறந்தார்கள். வெயிலில் குடை பிடித்துக்கொண்டு வரிசையில் நிற்கிறார்கள் என்று தொலைக்காட்சியில் காட்டினார்கள். போலீஸ் பாதுகாப்பு, கட்டம் போட்ட தரை, எல்லாம் ஒழுங்காக நடந்தது. குடித்துக் குடலும் ஈரலும் கெட்டு இரத்தவாந்தி எடுப்பவனைப் பார்க்க வேண்டிய அறைக்குப் பூட்டு, அவனுக்கு ஊற்றிக் கொடுக்கிற கடைக்குப் பந்தல். அன்று நான் வாய்க்கு வந்தபடி திட்டினேன். அம்மா தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு, "நோன்பு மாசம், நாக்கை அடக்கு" என்றார்.

நோன்பு அதற்கு முன்பே தொடங்கியிருந்தது. அதில் நடந்தது எங்கள் வீடுகளில் மட்டும் நடக்கக்கூடியது.

நோன்பு மாதத்தில் ஒருவர் பகலில் சாப்பிடவில்லை என்றால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. சாயங்காலம் கஞ்சி மட்டும் குடித்துவிட்டு எழுந்தால் அது ஆச்சரியம் இல்லை. உடம்பு இளைத்தால் அது இயல்பு. உடம்புக்கு முடியாதவருக்கு நோன்பு கடமை இல்லை என்று நான் சொல்லிப் பார்த்தேன். "எனக்கு என்ன வியாதின்னு யாராச்சும் சொன்னாங்களா? சொல்லட்டும், விட்டுடுறேன்" என்றார் அத்தா. பள்ளிவாசலில் கஞ்சி காய்ச்ச அனுமதி இல்லாததால் அரிசியை வீட்டுக்கு வீடு கொடுத்திருந்தார்கள். அம்மா வெந்தயம், பூண்டு, தேங்காய்ப்பால் எல்லாம் போட்டுக் குழையக் குழையக் காய்ச்சினார். அத்தா அதைக் கிண்ணம் கிண்ணமாகக் குடித்தார். அது வழுக்கிக்கொண்டு இறங்கியது. அடியில் தங்கிய கொத்துக்கறியை மட்டும் அப்படியே விட்டுவிடுவார். "இந்த வருஷம் கஞ்சி நல்லா அமைஞ்சிருக்கு" என்று அம்மாவைப் பாராட்டுவார். அம்மாவுக்கு அதில் ஒரே பெருமை.

நோன்பு துறக்க எல்லோரும் பேரீச்சம்பழத்தை வாயில் போடுவோம். அத்தாவும் போடுவார். பிறகு கை கழுவுகிற சாக்கில் எழுந்து கொல்லைப்பக்கம் போவார். வாழைத்தாரைப் பார்க்கப் போகிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். துணி துவைக்க எடுத்தபோது அவர் கைலி மடிப்பில் சப்பிப் போட்ட பழச்சதை ஒட்டியிருந்தது. கேட்டேன். "பல்லு வலிக்குதும்மா" என்று முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

சொந்தக்காரர்கள் வீடியோவில் கூப்பிட்டார்கள். கன்னம் ஒட்டி, கண் உள்ளே போயிருந்த முகத்தைப் பார்த்துவிட்டு, "மச்சானுக்கு முகத்துல நூர் வந்திருக்கு, மாஷா அல்லாஹ்" என்றார்கள். நூர் என்றால் இறைவனின் ஒளி. வணக்கசாலிகளின் முகத்தில் அது தெரியும் என்பார்கள். அம்மா அதையும் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த வருஷம் ஒரு நோன்பைக் கூட அவர் விடவில்லை என்றும் சொன்னார். பட்டினியை ஒளி என்று படித்தோம். இதைக் கேட்டுவிட்டு, வீட்டில் இருப்பவர்களே கவனிக்கவில்லையே என்று எங்களைக் குற்றம் சொல்ல யாரும் வர வேண்டாம். கவனிப்பதற்கென்று படித்தவர்கள் கவனித்து, நாளும் குறித்து, அதைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். அதற்குப் பிறகு எங்கள் கண்ணில் மிச்சம் இருந்தது எங்களுக்குத் தெரிந்த விளக்கம்தான்.

நோன்பு முடிந்த பெருநாள் அன்று ஒளிந்துகொள்ள இடமில்லை. வெளியே தொழுகை இல்லை, வீட்டோடு தொழுதோம். வீட்டோடு உட்கார்ந்தோம். அம்மா பிரியாணியை அவர் தட்டில் வைத்துவிட்டு எதிரிலேயே உட்கார்ந்துகொண்டார். அத்தா ஒரு வாய் எடுத்தார். இரண்டாவது வாயில் கை நின்றது. முகம் கருத்தது. எழுந்து ஓடினார். நான் பின்னால் ஓடினேன். கொல்லையில் குனிந்து நின்று, சோற்றை அப்படியே முழு முழுப் பருக்கையாகக் கக்கினார். விழுங்கியது செரிக்கும் இடத்துக்குப் போகவில்லை. முதுகைத் தடவினேன். சட்டைக்குள் முதுகெலும்பு ஒவ்வொன்றாகக் கையில் தட்டியது.

மருத்துவமனைக்குப் போன் செய்தேன். அன்று ஒரு ஆண் எடுத்தார். எல்லாவற்றையும் சொன்னேன்.

"தண்ணி இறங்குதாங்க?"

"இறங்குது. சோறு இறங்கல. ரொட்டி இறங்கல. ஆளு பாதியாயிட்டாங்க."

"தண்ணி இறங்கினா எமர்ஜென்சி லிஸ்ட்ல வராதுங்க. தண்ணியும் இறங்கலன்னா உடனே கூட்டிட்டு வாங்க."

சோற்றை விளைவித்து ஊருக்கெல்லாம் அனுப்புகிற பூமியில், ஒரு மனிதனுக்குச் சோறு இறங்கவில்லை என்றால் அது அவசரம் இல்லையாம். தண்ணீரும் நின்று, நா வறண்டு, அரை உயிராகக் கிடக்கும்போது தூக்கிக்கொண்டு ஓடி வர வேண்டுமாம். "நீங்க இன்னைக்குச் சோறு சாப்பிட்டீங்களா?" என்று கேட்டேன். அவர் போனை வைத்துவிட்டார்.

நாங்கள் அதற்குப் பிறகு யாரையும் கேட்கவில்லை. வாடகைக் கார் பிடித்துக் கிளம்பினோம். குடவாசல், கும்பகோணம், பாபநாசம் என்று ஒவ்வொரு ஊரிலும் தடுப்பு, ஒவ்வொரு தடுப்பிலும் விளக்கம். மருத்துவமனை வாசலில் நெற்றியில் வெப்பமானியைக் காட்டினார்கள். காய்ச்சல் இல்லை. ஆனால் காவலாளி அத்தாவின் தாடியையும் தொப்பியையும் பார்த்தார். டில்லியில் நடந்த மதக் கூட்டத்துக்குப் போய் வந்த எங்கள் மக்கள்தான் நோயைச் சுமந்துகொண்டு திரிகிறார்கள் என்று செய்திச் சேனல்கள் கத்திக் கத்திச் சொல்லியிருந்த காலம். "டில்லிப் பக்கம் போனீங்களா?" என்றார். அத்தா கடைசியாகப் போன வெளியூர் இதே தஞ்சாவூர், இதே மருத்துவமனைதான். நான் சண்டைக்குப் போகும் முன்பே அத்தா என் தோளைத் தொட்டார். தொப்பியைக் கழற்றி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். வியாதியை விட அந்தத் தொப்பியைக் கழற்றினதுதான் எனக்கு அன்று பொறுக்கவில்லை.

முதலில் கொரோனா பரிசோதனை என்றார்கள். சரி. மூக்கில் குச்சியை விட்டு எடுத்தார்கள். முடிவு வரப் பல நாள் ஆனது. இல்லை என்று வந்தது. ஆனால் அதற்குள் ஸ்கோப் செய்கிற குழுவில் ஒருவருக்கு வந்துவிட்டது, எல்லோரையும் தனிமைப்படுத்தியிருக்கிறோம், காத்திருங்கள் என்றார்கள். காத்திருந்தோம். குழு திரும்பி வந்தபோது எங்கள் பரிசோதனை முடிவு பழையதாகிவிட்டது, மறுபடி எடுக்க வேண்டும் என்றார்கள். மறுபடி குச்சி, மறுபடி காத்திருப்பு. கஞ்சியும் நின்றுபோய், பாலும் இளநீரும் மட்டும் இறங்கிக்கொண்டிருந்தது. தண்ணீர் இன்னும் இறங்கியது. அதனால் நாங்கள் இன்னும் அவசரமாகவில்லை.

ஒருவழியாகக் கூப்பிட்டார்கள். அத்தாவை உள்ளே அழைத்துப் போனார்கள். ஸ்கோப் அறைக்கு வெளியே இருந்த நடையில், பிளாஸ்டிக் பிரிக்காத புதுக் கட்டில்களை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கியிருந்தார்கள். கொரோனா வார்டுக்கு வாங்கி, உபயோகம் இல்லாமல் கிடந்தவை. அவற்றின் ஓரத்தில் நின்றேன். உள்ளே அத்தா குமட்டும் சத்தம் கேட்டது. அது நான் எதிர்பார்த்ததை விடச் சீக்கிரம் நின்றது.

தலை முதல் கால் வரை வெள்ளை உடையில் மூடிக்கொண்டு ஒருவர் வெளியே வந்தார். குரலை வைத்துத்தான் பழைய மருத்துவர் என்று தெரிந்துகொண்டேன். "கீழ்ப்பாதியில கட்டி இருக்கும்மா. ஸ்கோப் அதைத் தாண்டிப் போகல. சதை எடுத்து அனுப்பியிருக்கேன்" என்றார். பிறகு, பழக்கதோஷத்தில்தான் சொல்லியிருக்க வேண்டும், "கொஞ்சம் முன்னாடியே வந்திருந்தா நல்லா இருந்திருக்கும்" என்றார்.

எனக்கு வந்த ஆத்திரத்தை எழுத்தில் கொண்டுவர முடியாது.

"எப்ப டாக்டர் வந்திருக்கணும்? கேட்டை ஏறிக் குதிச்சு வந்திருக்கணுமா? நாள் குடுத்தது நீங்க. ரத்து பண்ணது உங்க ஆஸ்பத்திரி. அவசரம் இல்லன்னு சொன்னது உங்க ஆஸ்பத்திரி. தண்ணி இறங்குதான்னு கேட்டதும் உங்க ஆஸ்பத்திரிதான். எல்லாத்தையும் சொல்லிட்டு இப்ப நாங்க லேட்டா?"

நடையில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். மருத்துவர் முகமூடியைக் கழற்ற முடியாமல் அப்படியே நின்றார். கண்ணாடிக்குள் வியர்வை வழிந்துகொண்டிருந்தது.

"நீங்க கோபப்படுறது நியாயம்தான்" என்றார். "நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. என்னைக் கோவிட் வார்டுல போட்டிருந்தாங்க. தள்ளி வச்ச கேஸ்ல யாரை முதல்ல பார்க்கணும்னு ஒருதடவை பிரிச்சுப் பார்த்துடுங்கன்னு கேட்டேன். அதுக்கு ஆள் இல்லன்னுட்டாங்க."

அவரிடம் அதற்கு மேல் சண்டை போட முடியவில்லை. சண்டை போட வேண்டியவர்கள் அந்த நடைக்கு வருகிறவர்கள் இல்லை. அவர்களுக்கு முகமே இல்லை. சுற்றறிக்கையாகவும் போன் குரலாகவும் மட்டும்தான் அவர்கள் எங்களிடம் வந்தார்கள்.

புற்று என்று முடிவு வந்தது. அறுத்து எடுக்கிற கட்டத்தைத் தாண்டிவிட்டது என்றார்கள். நாள் குறித்தபடி அப்போதே பார்த்திருந்தால் எடுத்திருக்க முடியுமா என்று கேட்டேன். உறுதியாகச் சொல்ல முடியாது என்றார்கள். முடியாது என்று சொல்லியிருந்தால் மனதைத் தேற்றிக்கொண்டிருப்பேன். முடிந்திருக்கும் என்று சொல்லியிருந்தால் கோர்ட்டுக்காவது போயிருப்பேன். இரண்டும் இல்லாமல் விட்டுவிட்டார்கள்.

அடைப்பைத் தள்ளி வழி பண்ணுவதற்கு ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். கம்பியால் பின்னிய சிறிய குழல் அது. கதிர்வீச்சும் கொடுத்தார்கள். அது வைத்த பிறகு வீட்டில் அம்மா சோற்றை ரசத்தில் கரைத்துக் கொடுத்தார். அத்தா விழுங்கிவிட்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார். நாங்கள் மூச்சு விடவில்லை. "இறங்கிடுச்சு" என்றார். அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அந்த வருஷ அறுவடையின்போது அவர் கடைக்குக் கூட வந்தார். மூட்டை மேல் சாய்ந்து உட்கார்ந்து, யார் வயலில் என்ன விளைந்தது என்று ஒவ்வொருவரிடமும் விசாரித்தார். இன்னும் கொஞ்ச காலம் இப்படியே ஓடும் என்று நம்பினோம்.

இரண்டாம் அலை வந்தபோது ஸ்டென்ட் அடைத்துக்கொண்டது. அடைப்பை எடுக்க மறுபடி அதே குழாய், அதே அறை. அறை மறுபடி மூடியிருந்தது. இந்த முறை தண்ணீரும் இறங்கவில்லை. அவர்கள் கேட்ட தகுதி எங்களுக்கு வந்துவிட்டது என்று போனில் சொன்னேன். உடனே கூட்டி வாருங்கள் என்றார்கள். போனோம். வாசலில் ஆம்புலன்ஸ்கள் வரிசையாக நின்றன. உள்ளே ஒரு படுக்கை கூட இல்லை. கூட்டி வாருங்கள் என்றவர் பொய் சொல்லவில்லை, வந்த பிறகு என்ன செய்வது என்பதை யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். வேறு இரண்டு மருத்துவமனைகளில் அலைந்துவிட்டு, ஒரு சலைன் பாட்டிலோடு வீட்டுக்குத் திரும்பினோம். அத்தா வீட்டிலேயே போனார். கடைசி நாட்களில் பஞ்சை நனைத்து அவர் உதட்டில் வைத்துக்கொண்டிருந்தேன். அதைச் சப்பக் கூட அவருக்குச் சத்து இல்லை.

துக்கம் கேட்கச் சில பேர் மட்டும் முகக்கவசத்தோடு வந்து, தள்ளித் தள்ளி உட்கார்ந்தார்கள். அந்த மாதத்தில் எங்கள் ஊரிலும் கொரோனாவில் இறந்தவர்களைப் பிளாஸ்டிக்கில் சுற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். குளிப்பாட்ட முடியவில்லை, முகம் பார்க்க முடியவில்லை. அதனால் தூரத்து உறவில் மாமி ஒருவர் அம்மாவைத் தேற்றுவதற்காகச் சொன்னார்.

"கொடுத்து வச்ச மனுஷன். கொரோனால போகல. குளிப்பாட்டி, கஃபன் துணி போட்டு, தூக்கிட்டுப் போயி நல்லபடியா அடக்கம் பண்ண முடிஞ்சுச்சே. அதுக்கே நன்றி சொல்லணும்."

மற்றவர்களும் ஆமாம் ஆமாம் என்றார்கள். நல்ல மனதோடுதான் சொன்னார்கள். எனக்குத் தாங்கவில்லை.

"எங்க அத்தா கொரோனாலதான் போனாங்க மாமி" என்றேன். "அது அவங்க உடம்புக்குள்ள மட்டும்தான் வரல. மத்த எல்லா இடத்துக்கும் வந்து, அவங்களுக்கு இருந்த வழியை எல்லாம் அடைச்சிடுச்சு."

அம்மா என் கையைப் பிடித்தார். வாயை அடக்கச் சொல்லத்தான் பிடிக்கிறார் என்று நினைத்தேன்.

"இவ சொல்றதுதான் சரி" என்றார் அம்மா. "இங்கருந்து போறவங்க, கேக்குற எல்லார்கிட்டயும் அப்படியே சொல்லுங்க."